தோழியோடு உடற்பயிற்சிச் செயலி தொடங்குவது எப்படி

எங்கள் நிறுவனத்துக்கு முதல் பதினொரு வாரம் செயலியே கிடையாது. ஒரு எக்செல் தாளும் வாட்ஸப்பும்தான். தோழி பயிற்சியாளர், நான் கோடு (கணினி நிரல்) எழுதுகிறவள். அவளிடம் ஏற்கெனவே பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த ஒன்பது பேருக்குத் தினமும் காலை ஐந்தரை மணிக்கு அன்றைய பயிற்சியைக் கையால் தட்டி அனுப்புவாள். செய்தவர்கள் 'முடிச்சாச்சு' என்று பதில் போடுவார்கள். நான் அதைத் தாளில் ஏற்றுவேன்.

நீங்களும் இங்கிருந்தே தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். கோடு எழுதத் தெரிந்தவருக்கு இது பெரிய தண்டனை, கை அரித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தத் தாள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நிறைய. பயிற்சி கடினமாக இருந்தது என்று யாரும் நின்றுபோகவில்லை. ஏதோ வேலையால் ஒரு நாள் விட்டுப்போகும். மறுநாள் கூச்சமாக இருக்கும். மூன்றாம் நாள் தோழியின் மெசேஜைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். அப்படி மூன்று கட்டம் காலியாகக் கிடந்த நான்கு பேருக்கு அவள் தனித்தனியாக எழுதிப் பார்த்தாள்: "விட்டுப்போனது போகட்டும், இன்னைக்கு எட்டு நிமிஷம் மட்டும் பண்ணுங்க." மூன்று பேர் திரும்பி வந்தார்கள். இன்று எங்கள் செயலிக்கு உயிர்நாடியே அந்த எட்டு நிமிடம்தான். தொடர்ந்து எத்தனை நாள் செய்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் ஸ்ட்ரீக்கை நாங்கள் வைக்கவே இல்லை. வைத்திருந்தால், ஒரு நாள் தவறியதும் பூஜ்யத்தைக் காட்டி அவர்களை நாங்களே விரட்டியிருப்போம்.

செயலி யாருக்கு என்பதையும் அந்தத் தாள்தான் முடிவு செய்தது. ஒன்பதில் ஏழு பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். கேள்வியெல்லாம் முழங்காலைப் பற்றியது. எல்லோருக்குமான செயலி என்ற என் ஆசை அதோடு போயிற்று. ஓட்டத்தையும் சைக்கிள் பயணத்தையும் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியைப் பாருங்கள். மார்க் கெய்னி, மைக்கேல் ஹோர்வத் இருவரும் ஹார்வர்டில் படகு வலித்த காலத்து நண்பர்கள். 2009இல் அதைத் தொடங்கியபோது அவர்கள் முதலில் பிடித்தது சைக்கிள் ஓட்டுகிறவர்களைத்தான்.

அடுத்தது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தப் பத்திரம். இதைக் கோடு எழுதுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். தோழிகளுக்குக் கேட்கவா வேண்டும்? ஒரு மாலை இருவரும் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு, ஒரே ஆறு கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி மாற்றிக்கொண்டோம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இதற்குத் தருவாய் என்ற கேள்விக்கு நான் 40 என்று எழுதியிருந்தேன், அவள் 15. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவளுக்கு வகுப்புகள் இருக்கின்றன, அதுதான் அவளுடைய வருமானம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பாதிப் பாதி என்று வாய்ச்சொல்லோடு விட்டிருந்தால், அந்த 25 மணி நேரம் ஒரு வருடம் கழித்துச் சண்டையாக வந்திருக்கும்.

கடைசியில் நிறுவனத்தில் எங்கள் பங்கைச் சமமாகவே வைத்தோம், ஆனால் உடனே கைக்கு வராதபடி. உலகெங்கும் புதிய நிறுவனங்களில் வழக்கமான முறைதான்: பங்கு நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும். முதல் வருடம் முடியுமுன் விலகினால் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் மாதம் கால் பங்கு, அதன் பிறகு மாதத்துக்கு 48இல் ஒரு பங்கு. இதோடு, எழுதிய கோடும் எடுத்த வீடியோவும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் அது லேசான விஷயம் இல்லை. எங்கள் வீடியோக்கள் 140இலும் இருப்பது அவள் உடம்பு, அவள் குரல். அவள் நாளைக்கு விலகிப் போய்ப் போட்டி நிறுவனம் ஒன்றில் சேர்ந்தால், எங்கள் திரையில் அவள் குந்தி எழுந்துகொண்டே இருப்பதா? விலகிய நாளிலிருந்து இரண்டு வருடம் வரை பயன்படுத்தலாம், அப்புறம் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். பயிற்சி சம்பந்தப்பட்டதில் அவள் சொல்வதே முடிவு, கோடில் நான் சொல்வது, பணத்தில் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கோடுக்கு வருவோம். ஓட்டத் தூரம் காட்டும் பகுதியை நான் பெருமையோடு முடித்து, சோதித்துப் பார்க்கச் சொல்லி அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போன் செய்தாள். "ஏய், நான் ராத்திரி தூங்கிக்கிட்டே ஒன்றரை கிலோமீட்டர் ஓடியிருக்கேன்டீ." ஓட்டத்தை நிறுத்த மறந்து போனை மேசைமேல் வைத்திருக்கிறாள். போன் அசையாமல் கிடந்தாலும், ஜிபிஎஸ் காட்டும் புள்ளி சில மீட்டர் அங்குமிங்கும் அலைந்துகொண்டேதான் இருக்கும். அறைக்குள் இன்னும் அதிகம். நான் ஒவ்வொரு தாவலையும் நாணயமாகக் கூட்டி வைத்திருந்தேன். ஒவ்வொரு புள்ளியோடும் அதன் பிழை எத்தனை மீட்டர் இருக்கலாம் என்ற மதிப்பீடும் வரும். அதைப் பார்த்து, பிழை அதிகமுள்ள புள்ளிகளைத் தள்ளிவிடுங்கள். முந்தைய புள்ளியிலிருந்து நகர்ந்த தூரம் அந்தப் பிழையைவிடக் குறைவாக இருந்தால் கூட்டாதீர்கள். கால்கள் அசையவில்லை என்று போனின் சென்சார் சொன்னால் ஓட்டத்தைத் தானாக நிறுத்திவையுங்கள்.

காலடி எண்ணிக்கையில் வேறு ஒரு பள்ளம். ஆண்ட்ராய்டின் காலடி சென்சார், போன் கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எத்தனை அடி என்றுதான் சொல்லும். போனை அணைத்துப் போட்டால் மறுபடி பூஜ்யம். இது தெரியாமல் இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால், மைனஸ் நாலாயிரம் அடி நடந்த மனிதர்கள் உங்களுக்குக் கிடைப்பார்கள், எங்களுக்குக் கிடைத்தார்கள். ஐபோன் கடந்த ஏழு நாள் அடிகளைத் தானே வைத்திருந்து கேட்டால் தரும். முடிந்தவரை நீங்களே எண்ணாதீர்கள். உடல்நலத் தகவல்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்க ஐபோனில் 2014 முதல் ஹெல்த்கிட் இருக்கிறது, அதே வேலைக்கு ஆண்ட்ராய்டு 14 முதல் ஹெல்த் கனெக்ட் போனோடே வருகிறது. அனுமதி கேட்டு அங்கிருந்து படித்துக்கொள்ளுங்கள், கடிகாரம் எண்ணியதும் சேர்ந்து வரும். இன்னொன்று: திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் செயலியை ஆண்ட்ராய்டு தூங்கவைத்துவிடும். ஓட்டம் நடக்கும்போது மேலே ஒரு நோட்டிஃபிகேஷனைக் காட்டிக்கொண்டே ஓடும் வகையில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாதி ஓட்டம் காணாமல் போகும்.

கலோரி பற்றி எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம். வழக்கமான கணக்கு எளிது: செயலுக்குரிய மெட் எண் (சும்மா இருப்பதைவிட எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்பது), கிலோவில் உடல் எடை, மணி நேரம் மூன்றையும் பெருக்கினால் போதும். சாதாரண நடைக்குச் சுமார் 3.5 என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி நடந்தால் 105. நான் தசமத்தோடு 105.0 என்று காட்டியிருந்தேன், பார்க்கத் தொழில்நுட்பமாக இருந்தது. "இது உனக்கு எப்படித் தெரியும்? அவங்க ஏத்தத்துல நடந்தாங்களா, கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு நடந்தாங்களா?" என்று கேட்டாள். இப்போது 'சுமார் 100' என்று காட்டுகிறோம். அதேபோல 10,000 காலடி இலக்கும் எங்களிடம் இல்லை. அது 1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவிய எண். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. எங்கள் திரையில் இருப்பது அந்த நிமிடக் கணக்கு.

இடத் தகவலில் விளையாடாதீர்கள். ஸ்ட்ராவா 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களால் ராணுவ முகாம்களின் உருவமே தெரிந்ததை 2018 ஜனவரியில் எல்லோரும் கண்டார்கள். முகாமே தெரியும் என்றால் ஒருவருடைய வீட்டு வாசல் தெரியாதா? எங்கள் செயலியில் பகிரும் வரைபடத்தின் முதல் 200 மீட்டரும் கடைசி 200 மீட்டரும் தானாகவே மறைந்துவிடும். ஹெல்த்கிட் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஆப்பிள் விதியே தடை சொல்கிறது. அனுமதிகளை முதல் திரையிலேயே கொத்தாகக் கேட்காமல், ஓட்டம் தொடங்கும் பட்டனை அழுத்தும்போது இடத்துக்கான அனுமதியைக் கேளுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை பற்றிய கேள்விகள் முதல் பயிற்சிக்கு முன் வர வேண்டும். ஆம் என்றால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கூகுள், ஆப்பிள் இரண்டின் செயலிக் கடைகளில் ஏற்றுவதற்கு நாங்கள் ஒரு வாரம் ஒதுக்கியிருந்தோம். ஆனது ஏழு வாரம். அவசரத்தில் செயலி வெளியிடுவதற்கான கூகுள் கணக்கை என் சொந்தப் பெயரில் திறந்தது என் தப்பு. 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் (வெளியிடும் முன் அழைத்தவர்கள் மட்டும் செயலியைப் பயன்படுத்திப் பார்ப்பது) இருந்தாக வேண்டும். எங்கள் ஒன்பது பேருக்கு மேல் மூன்று பேரைத் தேடிப் பிடித்தோம். நிறுவனப் பெயரில் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதற்கு டன்ஸ் எண் (நிறுவனங்களை அடையாளம் காட்டும் எண்) வேண்டும், ஆப்பிளிலும் அதுவே. நிறுவனத்தைப் பதிந்த மறுநாளே விண்ணப்பித்துவிடுங்கள். கட்டணம் கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடம் 99. அப்புறம், ஒரு கடை எங்கள் செயலியைத் திருப்பி அனுப்பியது: பயனர் தன் கணக்கைச் செயலிக்குள்ளேயே நீக்கும் வழியை நான் வைக்கவில்லை. அது இரண்டு கடைகளிலும் கட்டாயம். ஆப்பிளின் சிறு நிறுவனத் திட்டத்தில் 30 சதவீதக் கமிஷன் 15 ஆகக் குறையும், ஆனால் நாமே விண்ணப்பித்தால்தான்.

பணம் வர ஆரம்பித்ததும் ஒரு முட்டாள்தனம் செய்தோம். ஜனவரியில் கூட்டம் அம்மும், எல்லோரும் வருடச் சந்தா கட்டுவார்கள். கணக்கில் இருந்த தொகையைப் பார்த்து நல்ல கேமரா வாங்கினோம், எடிட்டிங்குக்கு ஒருவரை அமர்த்தினோம். ஜூனில் சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லை. வருடச் சந்தாவில் ஒரு மாதத்துக்கு நமக்குச் சொந்தமானது பன்னிரண்டில் ஒரு பங்குதான். மீதி, இனிமேல் செய்யவேண்டிய வேலைக்காக வாங்கிய முன்பணம். இப்போது அதைத் தனிக் கணக்கில் போட்டு மாதாமாதம் எடுக்கிறோம்.

எத்தனை பேர் செயலியைப் போனில் இறக்கினார்கள் என்ற எண்ணை நாங்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். திங்கள்கிழமை காலையில் ஒரே கேள்விதான்: நான்கு வாரம் முன்பு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் போன வாரம் ஒரு பயிற்சியாவது செய்தார்கள்? அந்த எண் இறங்கினால் தோழி பத்துப் பேருக்குத் தானே போன் செய்வாள்.

முதல் ஒன்பது பேரில் ஆறு பேர் இன்னும் இருக்கிறார்கள். அதில் ஒரு அம்மா செயலியை வைத்துக்கொண்டே பயிற்சி செய்வார், முடித்ததும் பட்டனை மட்டும் அழுத்த மாட்டார். தோழிக்கு வாட்ஸப்பில் 'முடிச்சாச்சு' என்று போடுவார். அதை நான் கையால் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.