பேருந்தில் எது, தெருவில் எது: இயர்போன் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயர்போன் வாங்கும்போது செய்யும் தவறைவிட, வாங்கியதை இடம் பார்க்காமல் மாட்டிக்கொள்ளும் தவறுதான் அதிகக் கெடுதல் செய்கிறது. காதை இறுக்கி அடைக்கும் இயர்பட்ஸோடு சாலையைக் கடக்கிறார்கள். காதைத் திறந்துவிடும் வகையை மாட்டிக்கொண்டு மாநகரப் பேருந்தில் ஏறுகிறார்கள். எஞ்சின் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமே என்று வால்யூமை உச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். இரண்டுமே தலைகீழ். முதலாவதில் உயிருக்கு ஆபத்து, இரண்டாவதில் செவிக்கு.

வகைகளைப் பிரித்துக்கொள்வோம். 'ஓப்பன் இயர்' என்று விற்பவற்றில் இரண்டு உண்டு. ஒன்று, ஷாக்ஸ் ஓப்பன்ரன் போல, காதுக்கு முன்னால் கன்ன எலும்பின் மேல் உட்கார்ந்து ஒலியை அதிர்வாக உள்காதுக்கு அனுப்புவது. மற்றொன்று, காதுத் துளைக்குச் சற்று வெளியே சின்ன ஸ்பீக்கரை நிறுத்திவைப்பது. காதின் மேல் கொக்கிபோல் மாட்டுவதும், போஸ் அல்ட்ரா ஓப்பன், ஹுவாவே ஃப்ரீகிளிப் போலக் காது மடலில் கவ்வுவதும் இந்த இரண்டாம் வகையில் சேரும். அடைக்கும் வகையில் சிலிகான் டிப் வைத்த இயர்பட்ஸும், காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போனும் வரும். 'ஓப்பன் பேக்' என்று ஆன்லைனில் கண்ணில் படுவது இந்தக் கணக்கிலேயே சேராது. அது பின்புறம் வலையாக இருக்கும் பெரிய ஹெட்போன், அமைதியான அறையில் உட்கார்ந்து இசை கேட்பதற்கானது. நடைப்பயிற்சிக்கென்று அதை வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

பெட்டியில் 'ஈஎன்சி' என்றிருந்தால்

குறைந்த விலை இயர்பட்ஸ் பெட்டிகளில் 'ஈஎன்சி', 'நான்கு மைக்' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது உங்கள் காதுக்கு எதையும் குறைக்காது. நீங்கள் போனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள இரைச்சல் எதிர்முனையில் இருப்பவருக்குக் கேட்காமல் வடிகட்டும் வசதி அது. பேருந்துச் சத்தம் உங்களுக்குக் குறைய வேண்டுமென்றால் 'ஏஎன்சி' என்ற சொல் இருக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம்தான். அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, சத்தமே குறையவில்லை என்று புலம்பும் விமர்சனங்கள் ஏராளம்.

ஏஎன்சி இருந்தாலும், பெட்டியில் '50 டெசிபல் வரை இரைச்சல் குறையும்' என்று போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள் (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு). அந்த 'வரை' என்ற சொல்லைப் பாருங்கள். ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு அது, எல்லாச் சத்தத்துக்கும் பொருந்தாது. வெளியே உள்ள மைக் இரைச்சலைப் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதைக் கரைக்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். அவ்வளவு நீண்ட அலையை எதிர் அலையோடு பொருத்துவது எளிது. 3000 ஹெர்ட்ஸில் அது 11 சென்டிமீட்டர்தான். துளி நேரம் பிசகினாலும் பொருத்தம் போய்விடும். அதனால்தான் ஏசி, மின்விசிறி, பேருந்து எஞ்சின், விமானம் ஆகியவற்றின் ஒரே சீரான உறுமல் நன்றாக அடங்குகிறது. குழந்தை அழுகை, பக்கத்து இருக்கைப் பேச்சு, குக்கர் விசில் போன்றவை ஏஎன்சியையும் தாண்டி உள்ளே வந்துவிடும். அவற்றைக் குறைப்பது சிப் அல்ல, காதுத் துளையை அடைத்திருக்கும் டிப்.

டிப் சரியாக உட்காராதபோது

விலை உயர்ந்த இயர்பட்ஸ்கூடத் தோற்றுப்போகும் இடம் இது. பெட்டியில் வரும் மூன்று நான்கு ஜோடி டிப்களில் நடுஅளவுதான் ஏற்கெனவே மாட்டியிருக்கும். பெரும்பாலோர் மற்றவற்றைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. டிப் சிறிதாக இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும். அந்த வழியாக பாட்டின் பாஸ் (தாழ்ந்த அதிரும் ஒலி) வெளியேறும், எஞ்சின் உறுமல் உள்ளே வரும். பாட்டு தகரத்தில் தட்டியதுபோல் கேட்டால், ஏஎன்சி போட்டாலும் அணைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிப்பைத்தான். பெரிதாக இருந்தால் அரை மணி நேரத்தில் காது வலிக்கும், பேசும்போது தானாக நழுவும்.

மாட்டும் முறை இப்படி இருக்கட்டும். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் லேசாக இழுங்கள். வளைந்திருக்கும் துளை நேராகும். வலது கையால் பட்ஸை நுழைத்து, மைக் இருக்கும் தண்டு வாயைப் பார்க்கும்வரை மெல்லத் திருகிவிட்டு மடலை விடுங்கள். இப்போது மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, பாட்டில்லாமல் ஏஎன்சியை மட்டும் போட்டுப் பாருங்கள். விசிறிச் சத்தம் சட்டென்று விழ வேண்டும். வாயைத் திறந்து மூடினால் திரும்ப ஏறுகிறதா? அடுத்த அளவு டிப்புக்கு மாறுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. இடதுக்கு நடுஅளவு, வலதுக்குப் பெரியது என்று வைப்பது சாதாரணம். ஏர்பாட்ஸ் ப்ரோ உட்படப் பலவற்றில் போனிலேயே பொருத்தச் சோதனை இருக்கிறது. அது 'சரி' என்று சொல்லும்வரை மாற்றிப் பார்க்கலாம்.

பெரிய ஹெட்போனில் இதே ஓட்டையை மூக்குக்கண்ணாடியின் தண்டு போடுகிறது. தண்டு தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி விழும். நாளெல்லாம் கண்ணாடி போடுபவருக்கு மெல்லிய தண்டும் மிருதுவான மெத்தையும் வேண்டும். இல்லையென்றால் இயர்பட்ஸே மேல்.

வால்யூம் கணக்கு

எந்த வகை வாங்கினாலும் காதைக் கெடுப்பது வால்யூமும் நேரமும் சேர்ந்துதான். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகும், பாதுகாப்பான நேரம் பாதியாகும். அப்படியானால் 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5, 92இல் வெறும் இரண்டரை மணி, அதுவும் ஒரு வாரம் முழுக்க.

இப்போது பேருந்துப் பயணத்தை இந்தக் கணக்கில் வையுங்கள். எஞ்சினுக்குப் பக்கத்து இருக்கையில் இரைச்சலே 80 டெசிபலைத் தொடலாம். காது திறந்திருந்தால் பாட்டு வரி புரிய அதற்கு மேல் போயாக வேண்டும், 90 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். தினம் போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் ஒரு வாரத்தின் அளவு இரண்டே நாளில் தீர்ந்துவிடும். அடைக்கும் வகை இங்கேதான் காதைக் காப்பாற்றுகிறது. இரைச்சல் குறைந்துவிட்டதால் குறைந்த வால்யூமே போதும். ஏஎன்சியைப் போட்ட பிறகும் பழைய வால்யூமிலேயே கேட்டால் வாங்கியதன் பயன் பாதி போய்விடும். ஏஎன்சியைப் போட்டவுடன் வால்யூமை நாலைந்து படி இறக்குங்கள். ஒரு நிமிடத்தில் காது பழகிவிடும்.

திறந்த வகைக்கு எளிதான சோதனை உண்டு. ஒரு கை தூரத்தில் நிற்பவர் இயல்பான குரலில் பேசுவது பாட்டுக்கு நடுவே புரிய வேண்டும். புரியவில்லையென்றால் ஒன்று வால்யூம் அதிகம், அல்லது அந்த இடம் திறந்த வகைக்கு ஏற்றதல்ல. ஐபோனில் செட்டிங்ஸில் சவுண்ட்ஸ் அண்ட் ஹாப்டிக்ஸ், அதற்குள் ஹெட்போன் சேஃப்டியில் 'ரெட்யூஸ் லவுட் ஆடியோ'வை 80 டெசிபலுக்கு வைத்துவிடலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் மீடியா வால்யூமுக்கு வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது.

எலும்பு வழியாகப் போவதால் காது கெடாது என்று விற்பனையாளரே சொல்வதுண்டு. அது தவறு. செவிப்பறையையும் நடுக்காதையும் மட்டும்தான் அந்த அதிர்வு தவிர்க்கிறது. போய்ச் சேருவது உள்காதின் அதே நத்தைச் சுருளுக்கும் அதிலுள்ள நுண்மயிர் செல்களுக்கும்தான். அந்தச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, காது கேளாத தாத்தா பாட்டிக்கு எலும்பு வழி ஹெட்போன் வாங்கிக் கொடுப்பது. முதுமையில் வரும் கேள்விக்குறைவு பெரும்பாலும் உள்காதில் நேர்வது. ஒலி எந்த வழியாக வந்தாலும் அங்கேதான் சிக்கல். செவிப்பறையிலோ நடுக்காதின் சிற்றெலும்புகளிலோ மட்டும் கோளாறு இருப்பவருக்கு எலும்பு வழி உண்மையிலேயே உதவும். இரண்டில் எது என்பது ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடும். ஹெட்போனுக்குச் செலவழிக்கும் முன் அதற்குச் செலவழியுங்கள்.

சாலையில், தண்டவாளத்தில்

அடைக்கும் இயர்பட்ஸில், வெளிச்சத்தத்தை மைக் வழியாக உள்ளே விடும் 'ட்ரான்ஸ்பரன்சி' வசதியைப் போட்டுக்கொண்டால் திறந்த வகைக்குச் சமம் என்று நினைக்கிறார்கள். கடைக்காரரிடம் சில்லறை வாங்கவும், கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கவும் அது போதும். சாலைக்குப் போதாது. வண்டி வருவது முன்னாலா பின்னாலா என்பதை மூளை கண்டுபிடிப்பதில் காது மடலின் மடிப்புகளில் ஒலி பட்டுத் திரும்பும் விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மைக் வழியாக வரும் ஒலியில் அந்தக் குறிப்புகள் சிதைந்துபோகும். காற்று வீசினால் மைக்கில் புஸ்ஸென்ற சத்தம்தான் மிஞ்சும்.

நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் திறந்த வகைதான். தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் அதுவும் வேண்டாம், பாட்டையே நிறுத்துங்கள். மின்சார ரயில் நாம் எதிர்பார்ப்பதைவிட மிக அமைதியாக நெருங்கும். ஒரு ரயில் போகும் சத்தத்தில் எதிர்த்தடத்தில் வரும் இன்னொன்று காதில் விழவே விழாது. இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட்டுக்குள் எந்த வகையும் வேண்டாம். காற்றிரைச்சலை மீற வால்யூம் ஏறும், எலும்பு வழிப் பட்டையை ஹெல்மெட் அழுத்தி வலிக்கும், கவனமும் சிதறும்.

வீட்டில், அலுவலகத்தில்

சமையலறையில் திறந்த வகைக்கு ஈடில்லை. விசிலை எண்ணலாம், பால் பொங்கும் சத்தம் கேட்கும், காலிங்பெல் தப்பாது. சின்னக் குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்பவர் ஏஎன்சி போடவே கூடாது. கிளிப் வகை வாங்கும் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேல் காதில் கொப்பு, பக்கவாட்டில் மாட்டல் போட்டிருந்தால் கிளிப் உட்காரும் இடத்தில் அது இடிக்கும். ஜிமிக்கியோடு எலும்பு வழிப் பட்டை ஒத்துப்போகும், ஆனால் பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் முடி சிக்கக்கூடாது. சிக்கினால் ஒலி மங்கும், வால்யூமை ஏற்றத் தோன்றும்.

அமைதியான அலுவலகத்தில் திறந்த வகை பக்கத்து மேசைக்கும் கேட்கும். உங்கள் மேலாளர் பேசுவதைப் பக்கத்துக்காரரும் கேட்க நேரலாம். அங்கே ரகசிய அழைப்புக்கு அடைக்கும் வகைதான்.

ஏஎன்சி ஹெட்போன் காதுப் பாதுகாப்புக் கருவி அல்ல. டிரில் போடும் இடத்திலும் லேத் பட்டறையிலும் அதை நம்ப வேண்டாம். அதற்கென்று தரச்சான்று பெற்ற இயர்மஃப் போடுங்கள். பட்டாசுக்கு இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். அந்தத் திடீர் வெடிச்சத்தத்துக்கு ஏஎன்சியால் ஈடுகொடுக்க முடியாது.

வியர்வையும் அழுக்கும்

'ஐபிஎக்ஸ்4' என்றால் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று மட்டும்தான் பொருள், முக்கி எடுக்கலாம் என்றல்ல. நடைப்பயிற்சி முடிந்து வந்ததும் வியர்வையோடு கேஸில் போட்டுச் சார்ஜ் ஏற்றுவதுதான் பின்களை அரிக்கிறது. உப்பும் மின்சாரமும் சேர்ந்தால் தங்க முலாமும் தாங்காது. உலர்ந்த துணியால் துடைத்து, அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுக் கேஸில் போடுங்கள். நீச்சலுக்கு வாங்குகிறீர்கள் என்றால் உள்ளேயே பாட்டைச் சேமிக்கும் மாடலாகப் பாருங்கள். புளூடூத் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், கரையில் வைத்த போன் பயன்படாது.

சிலிகான் டிப்பை வாரம் ஒருமுறை கழற்றி, சோப்பு நீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பட்ஸின் ஒலி வரும் வாயில் இருக்கும் வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். குண்டூசி வைத்துக் குத்தினால் அழுக்கு உள்ளே போய் ஒரு பக்கம் சத்தம் குறையும். ஈரப்பதமான ஊர்களில் மணிக்கணக்காகக் காதை அடைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கலாம். அரிப்பு, அடைப்பு, சீழ் இவற்றில் எது தெரிந்தாலும் அடைக்கும் வகையை அன்றே நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். குணமாகும்வரை பாட்டு கேட்டே ஆக வேண்டுமென்றால் காதைத் தொடாத எலும்பு வழி வகை இருக்கிறது.