லினக்ஸ் டிரைவரில் பேட்டரி நிலையைச் சரியாகச் சொல்வது எப்படி

பேட்டரி டிரைவர் (பேட்டரியோடு பேசி அதன் நிலையை லினக்ஸுக்குச் சொல்லும் நிரல்) எழுத உட்கார்ந்ததும் சதவீதத்தை நாமே கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். சிப் அளந்து சொல்வதை மட்டும் வெளியே கொடுங்கள், அளக்காததை ஊகித்து நிரப்பாதீர்கள். லினக்ஸின் மையமான கர்னலில் பேட்டரி, சார்ஜர் போன்றவற்றைக் கவனிக்கும் பகுதியான பவர் சப்ளை கிளாஸின் ஆவணமே இதைத்தான் சொல்கிறது: மீதி எவ்வளவு, எத்தனை நேரம் தாங்கும் என்ற ஊகக் கணக்கெல்லாம் யூசர்ஸ்பேஸின், அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களின் வேலை.

ஐ2சி-யில் (சிப்களை இணைக்கும் இரு கம்பி பஸ்) உட்கார்ந்திருக்கும், தன் அளவுகளைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம், பழைய லேப்டாப்களில் நிறையப் பார்க்கலாம். பேட்டரியை கர்னலுக்கு விவரிக்கும் டிஸ்கிரிப்டர் ஸ்ட்ரக்ட்டில் பெயர், வகை, எந்தெந்த ப்ராபர்ட்டி தருவீர்கள் என்ற பட்டியல், அவற்றைப் படித்துத் தரும் கெட் ப்ராபர்ட்டி ஃபங்க்ஷன் ஆகியவற்றை நிரப்பி, ப்ரோபில் (சாதனம் கண்டறியப்பட்டதும் கர்னல் அழைக்கும் ஃபங்க்ஷன்) ரிஜிஸ்டர் செய்யுங்கள். இவ்வளவு எளிதுதான். கவனம் முழுக்கத் தேவைப்படுவது அந்த ஃபங்க்ஷனுக்குள்ளே.

முதலில் அலகு. கர்னல் எதிர்பார்ப்பது மைக்ரோவோல்ட், மைக்ரோஆம்பியர். பேட்டரி தருவதோ மில்லி, அதனால் 11850 என்று படித்தால் ஆயிரத்தால் பெருக்கி 11850000 என்று கொடுக்க வேண்டும். வெப்பநிலை இன்னும் வேறு மாதிரி: பேட்டரி கெல்வினில் பத்தில் ஒரு பங்காகத் தரும், கர்னலுக்கு செல்சியஸில் பத்தில் ஒரு பங்கு வேண்டும், ஆக 2981 வந்தால் 2731-ஐக் கழித்து 250, அதாவது 25 டிகிரி.

மின்னோட்டத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேட்டரி சிப்பில் அதை வைத்திருக்கும் நினைவிடமான ரிஜிஸ்டர், குறியுள்ள (எதிர்மறையாகவும் இருக்கக்கூடிய) 16 பிட் எண். பேட்டரி 1200 மில்லிஆம்பியர் இழந்துகொண்டிருக்கும்போது அதைக் குறியில்லாமல் படித்தால் 64336 என்று வரும், ஒரு லேப்டாப் 64 ஆம்பியர் இழுப்பதாகத் திரையில் தெரியும்! 16 பிட் குறியுள்ள எண்ணாக மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன்பே ரீட் ஃபங்க்ஷன் திருப்பிய மதிப்பு எதிர்மறையா என்று பார்த்துவிடுங்கள், அது பிழைக் குறியீடு. மாற்றிய பிறகு பார்த்தால் பிழை எது, டிஸ்சார்ஜ் எது என்று பிரிக்கவே முடியாது.

ஸ்டேட்டஸில் 'சார்ஜிங்', 'டிஸ்சார்ஜிங்', 'ஃபுல்' மூன்றோடு நிறுத்திவிடாதீர்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும்படி வரம்பு வைத்திருந்தால், ஒயர் செருகியிருக்கும், பேட்டரி ஏறாது, இறங்கவும் செய்யாது. அதற்கென்றே 'நாட் சார்ஜிங்' இருக்கிறது. மதிப்பு தற்காலிகமாகக் கிடைக்காவிட்டால் பூஜ்யம் தராமல் 'தரவு இல்லை' என்று சொல்லும் ஈநோடேட்டா பிழையைத் திருப்புங்கள். பூஜ்ய சதவீதத்தை நம்பி டெஸ்க்டாப் மென்பொருள் லேப்டாப்பையே அணைத்துவிடக்கூடும்.

அப்புறம், நிலை மாறியதும் பவர் சப்ளை சேஞ்ச்டு ஃபங்க்ஷனை அழைக்க வேண்டும், அதுதான் யூஈவென்ட் என்ற அறிவிப்பை யூசர்ஸ்பேஸுக்கு அனுப்ப வைக்கும். இன்டரப்ட் (சிப் தானே தரும் சமிக்ஞை) இல்லாமல் போலிங் செய்தால், அதாவது நீங்களே அவ்வப்போது படித்துப் பார்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் அழைக்காதீர்கள், பழைய ஸ்டேட்டஸோடு ஒப்பிட்டு மாறியிருந்தால் மட்டும். ஏனென்றால் ஒவ்வொரு யூஈவென்ட்டுக்கும் கர்னல் உங்கள் பட்டியலில் உள்ள எல்லா ப்ராபர்ட்டியையும் படிக்கும், ஐ2சி பஸ் வீணாக நிரம்பும், பேட்டரியைக் கண்காணிக்க வந்த டிரைவரே அதைத் தின்னும்.

சரி, சோதிக்க யூஈவென்ட்டுகளைக் காட்டும் யூடெவ்அட்ம் மானிட்டர் கட்டளையை ஓடவிட்டு ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். ஈவென்ட் வந்ததும் கர்னல் தன் மதிப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஸ்டேட்டஸ் மாறியிருக்க வேண்டும், மின்னோட்டம் எதிர்மறையாகியிருக்க வேண்டும்.