ரிசப்ஷன் சாப்பாடு நாமளே செய்றோம்னா இத கவனிங்க

150 பேருக்கு ரிசப்ஷன், கேட்டரிங்காரங்க இலைக்கு இவ்ளோன்னு சொல்ற ரேட்டு கட்டுப்படியாகலன்னா மளிகை காய்கறி எல்லாம் நாமளே வாங்கிப் போட்டுட்டு சமையல் மாஸ்டர கூலிக்கு மட்டும் பேசிக்கலாம், எங்க வீட்ல அப்படித்தான் பண்ணோம். லிஸ்ட் அவரே குடுப்பாரு, முந்திரி நெய் மட்டும் கொஞ்சம் தாராளமா எழுதிடுவாங்க, உக்காந்து பேசி குறைங்க.

மண்டபத்துல வெளி மாஸ்டர விடுவாங்களா, கேஸுக்கு தனி காசான்னு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேட்ருங்க.

மெனு நீட்டாதீங்க. ஒரு ஸ்வீட், வெஜ் பிரியாணி, பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம், ஊறுகாய், போதும். பிரியாணிக்கு 1 கிலோ அரிசி 10 பேருக்குன்னு 15 கிலோ, தயிர் சாதத்துக்கு 5 கிலோ போட்டோம், சரியா இருந்துச்சு.

தயிர் சாதத்துலதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. மதியமே தயிர கொட்டி பிசைஞ்சு வெச்சா ராத்திரி பந்தில புளிச்சுப் போய் யாரும் தொட மாட்டாங்க, அதனால சாதத்த நல்லா குழைய வடிச்சு, ஆறினதும் காய்ச்சின பால் நிறைய ஊத்தி தயிர் கொஞ்சமா சேத்து தளர பிசைஞ்சு வைங்க, பரிமாறும்போது பதமா இருக்கும், மாதுளை திராட்சை எல்லாம் கடைசில போட்டுக்கலாம்.

வாடகை பாத்திரம் வரும்போதே எண்ணி எழுதி வைங்க. எங்களுக்கு ரெண்டு கரண்டி காணாம போய் அதுக்கு தனியா அழுதோம்!