அடுக்களைப் பக்கம் போகாமல் வாதத்தில் வெல்வது எப்படி?

வாதத்தில் வெல்ல உண்மை வேண்டும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு பயன்படாது. முடிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது, அதற்குத் தருக்கம் என்னும் பட்டுவேட்டியைக் கட்டிச் சபைக்கு அழைத்துவர வேண்டியதுதான் பாக்கி என்ற நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் கருவியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் கற்பிக்கும் அளவை முறையின், அதாவது தருக்க முறையின், பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அந்த முறையில், 'இம்மலையில் நெருப்பு உண்டு' என்று பக்கத்தை, அதாவது நிறுவ வேண்டிய கூற்றை, கூறியவர், 'புகை இருப்பதால்' என்று ஏதுவை, அதாவது காரணத்தை, சொன்னதோடு எழுந்து போய்விட முடியாது. 'அடுக்களையைப் போல' என்று, எல்லோரும் கண்டறிந்த ஒரு திட்டாந்தத்தையும் (எடுத்துக்காட்டையும்) கொண்டுவந்து நிறுத்த வேண்டும். போதாததற்கு, இம்மூன்றிலும் நேரும் பிழைகளைப் போலிகள் என்று பிரித்து, பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று, நாம் நுழையக்கூடிய 33 சந்துகளுக்கும் பெயர்ப்பலகை மாட்டி வைத்திருக்கிறார்கள். அரிஸ்டாட்டில் வகுத்த நியாயத்தொடையோ வசதியானது. இரண்டு எடுகூற்றுகள் (முடிவுக்கு ஆதாரமாக வைக்கும் கூற்றுகள்), ஒரு முடிவு, அவ்வளவுதான். அடுக்களையைக் காட்டு என்று கேட்க அங்கே இடமில்லை. கூற்றுகளின் வகையையும் சொற்களின் இடத்தையும் மாற்றி மாற்றிப் பெறும் இதன் 256 வடிவங்களுள், தாராளமாகக் கணக்கிட்டாலும் 24 மட்டுமே செல்லுபடியாகும். எஞ்சிய 232 வடிவங்களும் நமக்கு உரியவை. (பழியை அரிஸ்டாட்டில் மீது போட வேண்டாம், போலி வாதங்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர் அவர்.)

அடுத்து, நடுப்பதத்தைப் பழக்க வேண்டும். இரண்டு எடுகூற்றுகளிலும் வந்து, முடிவில் காணாமல் போகும் சொல்லுக்குத்தான் நடுப்பதம் என்று பெயர். கல்யாணத் தரகரைப் போல அது இரு வீட்டாரையும் சேர்த்து வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. இரு வீட்டாருக்கும் தரகரைத் தெரியும் என்பதாலேயே திருமணம் முடிந்துவிட்டதாக அறிவிப்பதுதான் நம் முதல் உத்தி. 'மேதைகளை யாரும் புரிந்துகொள்வதில்லை. என்னையும் யாரும் புரிந்துகொள்வதில்லை. ஆகவே நான் மேதை.' புரிந்துகொள்ளப்படாதவர்களின் கூட்டத்தில் மேதைகள் ஒரு மூலையில் மட்டுமே இருக்கலாம் என்பதையும், மீதி இடத்தில் தெளிவாகப் பேசத் தெரியாதவர்கள் நிறைந்திருக்கலாம் என்பதையும் கேட்பவர் யோசிப்பதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விட வேண்டும். 'சத்தம் அநித்தம், அறியப்படுதலின்' (ஒலி அறியப்படுவதால் அது நிலையற்றது) என்னும் வாதத்தை, நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலையான ஆகாயமும் அறியப்படுகிறது, இவற்றுள் சத்தம் எதைப் போன்றது என்று கேட்டே அறவண அடிகளின் பாடம் மடக்கிவிடுகிறது. அந்தக் கேள்வி நமக்கு ஆகாது.

இரண்டாவது உத்தியில் ஒரே பெயரில் இரண்டு தரகர்கள் வேண்டும். 'ஆறு கடலில் கலக்கும்; மூன்றின் இருமடங்கு ஆறு; ஆகவே மூன்றின் இருமடங்கு கடலில் கலக்கும்' என்று சொன்னால் பள்ளிப் பிள்ளைகளும் சிரிப்பார்கள். 'இயற்கையானது நன்மை தரும். தாமதமாக வருவது எனக்கு இயற்கை' என்று மேலதிகாரியிடம் சொல்லும்போது அவ்வளவு சிரிப்பு எழுவதில்லை. சொல் எவ்வளவு கௌரவமானதோ, அதற்குள் அவ்வளவு பொருள்களை ஒளித்து வைக்கலாம். பண்பாடு, வளர்ச்சி, மரபு ஆகியவை நெடுங்காலமாக உழைத்துவரும் சொற்கள்.

இவை இரண்டும் கைகூடாதவர்களுக்கு நம் பழமொழியே துணை. 'நெருப்பில்லாமல் புகையுமா?' என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அண்டை வீட்டுக்காரரின் மானம் போவதற்கு வேறு சான்று தேவைப்படாது. இந்தக் கேள்வியில் தருக்கப் பிழை ஏதும் இல்லை என்பதுதான் இதன் அழகு. புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கத்தான் செய்யும். நாம் கண்டது புகைதானா என்பதை மட்டும் யாரும் கேட்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவியோ பனியோ என்று ஐயம் தீராமலே அதைப் புகையென்று கொண்டு நெருப்பைத் துணிவதையும் மணிமேகலை ஏதுப்போலிகளுள் ஒன்றாக எண்ணி வைத்திருக்கிறது. வதந்தியைக் கிளப்பியவரே அதைச் சுட்டிக்காட்டி 'புகைகிறதே' என்று வியப்பது, சொந்த அடுப்பில் கொதிக்கும் குக்கரின் ஆவியைக் காட்டி ஊருக்குத் தீயணைப்பு வண்டி வரவழைப்பதற்கு ஒப்பாகும். ஆனாலும் வண்டி வந்துவிடுகிறது.

இதைத் திருப்பிப் போடுவதும் எளிது. நம்மீது குற்றச்சாட்டு வந்தால், 'புகை எங்கே? ஆகவே நெருப்பு இல்லை' என்று வாதாடலாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்று நியாய மரபின் தருக்க அறிஞர்களான நையாயிகர்கள் பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவருவது உண்மைதான். ஆனால் இக்காலத்தில் வாதாட வருகிறவர்களுள் கொல்லுப்பட்டறையைப் பார்த்தவர்கள் குறைவு.

ஓர் எச்சரிக்கை. மேலே சொன்ன எதையும் வீட்டில் பயன்படுத்த வேண்டாம். போன திங்கட்கிழமை இரவு, பாத்திரம் கழுவும் முறை எனக்கு வந்தபோது, 'உழைத்தவர்கள் களைத்துப் போவார்கள். நான் களைத்துப் போயிருக்கிறேன். ஆகவே நான் இன்று போதிய அளவு உழைத்துவிட்டேன்' என்று என் தாயாரிடம் முறைப்படி எடுத்துரைத்தேன். அவர் அளவை நூல் எதுவும் படித்தவர் அல்லர். 'நேத்து மத்தியானம் முழுக்கத் தூங்கி எழுந்தும் இதையேதானடா சொன்னே?' என்று கேட்டுவிட்டு, சாம்பார்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார். அப்போது நாங்கள் நின்றிருந்த இடம் அடுக்களை.