டெப்த் என்றால் எந்த டெப்த்? ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு, மார்ச் மாதம் வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வாசித்துத் திருத்திக் கொடுப்பேன். நான் அதிகமாகச் சிவப்பு மையால் வட்டம் போடுகிற இரண்டு சொற்கள் இன்டர்செக்‌ஷன், டெப்த். "இதுல என்னண்ணே இருக்கு, ஆழம்னா ஆழம்தானே?" என்று போன வருடம் ஒரு தம்பி கேட்டான். பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல் என்பதால் யாரும் விளக்கம் எழுதுவதில்லை, ஆனால் இந்தத் துறையில் தெருவுக்கு ஒரு பொருள் வைத்திருக்கிறார்கள். ஒரு தெருவின் பொருளை எடுத்து இன்னொரு தெருவில் செலவழிக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

வெட்டுவதெல்லாம் சந்திப்பு இல்லை

நம்ம திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் பார்த்தால் பாலத்தின் கோடும் தண்டவாளத்தின் கோடும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கோடுகள் எங்கெங்கே வெட்டுகின்றன என்று கண்டுபிடிக்க நல்ல வழிகள் உண்டு. 10,000 கோடுகளை இரண்டிரண்டாகச் சோதித்தால் கிட்டத்தட்ட 5 கோடி சோதனை ஆகும். 1979-இல் பென்ட்லியும் ஓட்மனும் கொடுத்த அல்காரிதம், ஒரு செங்குத்துக் கோட்டைப் படத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டு போய், அந்தக் கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் வருகிறவற்றை மட்டும் சோதிக்கும். வெட்டும் இடங்கள் குறைவாக இருந்தால் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

சரி, வெட்டுப்புள்ளி கிடைத்துவிட்டது. அதை வைத்து வண்டி திரும்ப முடியுமா? வழிகாட்டும் ஆப் செய்த ஒரு குழு, கோடு வெட்டிய இடத்திலெல்லாம் ஒரு நோடை, அதாவது சாலைகளை இணைக்கும் புள்ளியை, போட்டு வைத்திருந்தது. அது பாலத்தின் மேலே போகிற ஆளை நடுவில் நிறுத்தி, கீழே போகிற ரோட்டுக்குத் திரும்பச் சொன்னது. எல்லோரும் சேர்ந்து வரைகிற இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டு சாலைகள் ஒரே நோடைப் பகிர்ந்துகொண்டால்தான் அவை இணைந்தவை. கோடுகள் குறுக்கே போவது மட்டும் போதாது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இன்டர்செக்‌ஷன் என்ற ஒரே சொல்தான், அதனால் குழம்ப வாய்ப்பு அதிகம். நம்மிடம் வெட்டு வேறு, சந்திப்பு வேறு. ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் எழுதினாலும், இது வெட்டா சந்திப்பா என்று தமிழில் ஒரு தடவை மனசுக்குள் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பெட்டிகளை ஒப்பிடும்போது

ட்ரோன் படத்தில் பனைமரங்களை எண்ணுகிற ப்ராஜெக்ட் ஒன்று வந்தது. மரத்தைச் சுற்றி மாடல் போடுகிற பெட்டி சரியான பெட்டியோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க, இரண்டும் பொதுவாக மூடும் பரப்பை இரண்டும் சேர்ந்து மூடும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். இன்டர்செக்‌ஷன் ஓவர் யூனியன் என்பது இதுதான். அந்த மாணவி ஒரு பெட்டியின் பரப்பால் மட்டும் வகுத்திருந்தாள். 10-க்கு 10 அளவில் இரண்டு பெட்டிகள், ஒன்று மற்றதிலிருந்து 5 அலகு பக்கவாட்டில் தள்ளி இருக்கிறது என்றால் பொதுப் பரப்பு 50, சேர்ந்த பரப்பு 150, விடை 0.33. அவள் கணக்கில் 0.5 வந்தது. வழக்கமாக 0.5-ஐத் தாண்டினால் சரியான கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதால், விளிம்பில் தோற்க வேண்டிய பெட்டியெல்லாம் பாஸ் ஆகிவிட்டது.

இதைவிடக் கொடுமையான பிழை ஒன்று உண்டு. இரண்டு பெட்டிகள் மூலைக்கு மூலை விலகி, ஒன்றையொன்று தொடாமலே இருந்தால், பொதுப் பகுதியின் அகலமும் மைனஸில் வரும், உயரமும் மைனஸில் வரும். இரண்டையும் பெருக்கினால் ப்ளஸ்! தொடவே தொடாத இரண்டு மரங்களுக்கு நடுவே பொதுப் பரப்பு இருப்பதாகப் ப்ரோக்ராம் சொல்லும், எரர் எதுவும் காட்டாது. அகலம், உயரம் இரண்டையும் தனித்தனியாக, பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் நிறுத்திவிட்டு அப்புறம் பெருக்குங்கள்.

தியரி பக்கம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அங்கே மொழி என்றால் ஒரு விதிக்குள் வருகிற எழுத்துச் சரங்களின் தொகுப்பு, ரெகுலர், கான்டெக்ஸ்ட் ஃப்ரீ என்பவை அதில் இரண்டு வகை, வெட்டு என்றால் இரண்டு தொகுப்பிலும் பொதுவாக இருப்பவை. இரண்டு ரெகுலர் மொழிகளின் வெட்டு ரெகுலர்தான், ஆனால் கான்டெக்ஸ்ட் ஃப்ரீ மொழிகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. ஒன்றில் எப்படியோ அதிலும் அப்படியே என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

ஆழம் வேறு, அளவு வேறு

மழைக்காலத்தில் நாம் தினமும் அணை நிலவரம் பார்க்கிறவர்கள். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. ஆனால் இரண்டின் முழுக் கொள்ளளவும் ஏறக்குறைய ஒன்றுதான், சுமார் 5,500 மில்லியன் கன அடி. சேர்வலாறு 156 அடி, கொள்ளளவிலோ மற்ற இரண்டையும்விட மிகச் சிறியது. அடியை மட்டும் சொன்னால் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது என்பது நம்ம ஊர் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

சர்க்யூட்டிலும் இதே கதைதான். டெப்த் என்றால் உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்குப் போகிற மிக நீண்ட பாதையில் எத்தனை கேட் (0, 1-ஐ வைத்து ஒரு சின்ன வேலை செய்கிற உறுப்பு) இருக்கிறது என்பது, அதாவது எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. மொத்தம் எத்தனை கேட் என்பது சைஸ். இரண்டு எண்களைக் கூட்டுகிற சர்க்யூட்டில் கேரியை, அதாவது அடுத்த இலக்கத்துக்குப் போகிற மீதியை, ஒவ்வொரு இலக்கமாகத் தள்ளிக்கொண்டு போனால் கேட் குறைவு, டெப்த் அதிகம். கேரியை முன்கூட்டியே கணித்தால் டெப்த் வெகுவாகக் குறையும், கேட் கூடும். டெப்த் குறைந்தது, ஆகவே சர்க்யூட் சிறியது என்று எழுதுவது தவறு.

நியூரல் நெட்வொர்க்கில் டெப்த் என்றால் அடுக்குகளின் எண்ணிக்கை. படங்களை அடையாளம் காணுகிற நெட்வொர்க்குகளில் 2012-இல் அலெக்ஸ்நெட் 8 அடுக்கு, 2015-இல் ரெஸ்நெட் 152 அடுக்கு, அதனால் கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே ரெஸ்நெட் கட்டுரையில்தான், சாதாரணமாக அடுக்கிய 56 அடுக்கு நெட்வொர்க் 20 அடுக்கைவிட மோசமாகச் செய்ததைக் காட்டியிருக்கிறார்கள். இதற்கு ஓவர்ஃபிட்டிங் என்று காரணம் எழுதினால் அதுவும் தப்பு. பயிற்சித் தரவிலேயே பிழை அதிகமாக இருந்தது. மனப்பாடம் பண்ணியதால் வந்த சிக்கல் அல்ல, கற்றுக்கொள்ளவே திணறியது. உள்ளே போன தகவலை அடுக்குகளைத் தாண்டி நேராகக் கூட்டிவிடுகிற குறுக்குவழியைக் கொடுத்த பிறகுதான் 152 வரை போக முடிந்தது.

கேமரா சொல்லும் டெப்த்

இங்கே டெப்த் என்பது தூரம். இரண்டு கேமராவில் ஒரே புள்ளி எத்தனை பிக்சல் தள்ளித் தெரிகிறதோ, லென்ஸின் குவிய நீளத்தையும் கேமராக்களின் இடைவெளியையும் பெருக்கி அந்த எண்ணால் வகுத்துத் தூரம் எடுக்கிறோம். குவிய நீளம் 700 பிக்சல், கேமராக்களுக்கு இடையே 10 சென்டிமீட்டர் என்றால், 70 பிக்சல் விலகல் 1 மீட்டர், 7 பிக்சல் விலகல் 10 மீட்டர். ஒரே ஒரு பிக்சல் குறைத்து எண்ணிவிட்டால், பக்கத்தில் இருக்கிற பொருளுக்கு ஒன்றரை சென்டிமீட்டர்தான் பிசகும், 10 மீட்டரில் இருப்பது 11.67 மீட்டருக்குப் போய்விடும். ஆக, "சராசரிப் பிழை இவ்வளவு" என்று ஒரே எண்ணைப் போடாதீர்கள், தூரவாரியாகப் பிரித்துப் போடுங்கள். அப்புறம், டெப்த் படத்தில் இருப்பது பெரும்பாலும் கேமரா நேராகப் பார்க்கிற திசையில் அளந்த தூரம். படத்தின் ஓரத்தில் இருக்கிற பொருளுக்கு டேப் பிடித்து அளந்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

தரவை வேர், கிளை என்று அடுக்கி வைக்கிற மரங்களிலும் (ட்ரீ), புள்ளிகளைக் கோடுகளால் இணைக்கிற கிராஃபிலும் வருகிற டெப்த்துக்கு இரண்டே விஷயம். ஒரு கிளையில் முடிந்தவரை உள்ளே போய்விட்டுத் திரும்புகிற டெப்த் ஃபர்ஸ்ட் சர்ச்சில் கிடைக்கிற ஆழத்தைக் குறைந்த தூரம் என்று எழுதாதீர்கள். அது சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்திருக்கலாம், எல்லா இணைப்புக்கும் ஒரே நீளம் என்றால், குறைந்த தூரத்துக்கு அடுக்கு அடுக்காகத் தேடுகிற ப்ரெட்த் ஃபர்ஸ்ட் சர்ச்தான். இன்னொன்று, வேரின் ஆழம் 0 என்று சில புத்தகங்களும் 1 என்று சிலவும் எண்ணுகின்றன. நீங்கள் எதை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால், வைவாவில் அந்தக் கேள்வியே வராது.