வாடகை சினிமா லென்ஸ்: படப்பிடிப்புக்கு முந்தின நாள் சோதிப்பது எப்படி?

என் முதல் குறும்படத்தில், அப்பாவாக நடித்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார். படத்தின் உயிரே அந்த ஷாட்தான். டேப் பிடித்து 6 அடி அளந்தோம், லென்ஸ் வளையத்தையும் 6 அடியில் வைத்தோம், எடுத்தோம். 5 அங்குல மானிட்டரில் எல்லாம் சரியாகத் தெரிந்தது. பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் அவர் முகம் மங்கல். அவருக்கு முன்னால் இருந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு மட்டும் பளிச்சென்று இருந்தது.

டேப்பில் தப்பில்லை. ஃபோகஸ் பிடித்தவர் மேலும் தப்பில்லை. லென்ஸ், இருக்க வேண்டியதைவிட ஒரு தாள் கனம் சென்சாரிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். முந்தின நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் கண்டுபிடித்திருப்போம். அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

ஒரு தாள் கனத்துக்கா இவ்வளவு?

லென்ஸ் வந்து உட்காரும் உலோக முகத்துக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒவ்வொரு மவுன்ட்டுக்கும், அதாவது லென்ஸ் மாட்டும் பிடிப்பின் ஒவ்வொரு வகைக்கும், ஒரு நிலையான தூரம் உண்டு. இதை ஃபிளேஞ்ச் தூரம் என்பார்கள். ஆரி நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த பிஎல் மவுன்ட்டுக்கு அது 52 மி.மீ. சோனி இ மவுன்ட்டுக்கு 18 மி.மீ. ஆக, சோனி கேமராவில் பிஎல் லென்ஸ் போட வேண்டுமானால் நடுவில் வரும் அடாப்டர் சரியாக 34 மி.மீ. இருக்க வேண்டும். அது 34.1 ஆக இருந்தால்?

கூடுதலாக இருப்பது 0.1 மி.மீ., சாதாரண ஏ4 தாளின் கனம். சார்ட்டை, அதாவது கோடுகள் அச்சடித்த சோதனைத் தாளை, 6 அடியில் வைத்து 85 மி.மீ. லென்ஸில் ஃபோகஸ் செய்தால், வளையம் 6 அடியைத் தாண்டி ஒன்றரை அங்குலம் காட்டும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அதே அடாப்டரில் 18 மி.மீ. போட்டுப் பாருங்கள், வளையம் 13 அடியைத் தாண்டி நிற்கும். மி.மீ. எண் குறைந்த, அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலே ஃபோகஸ் வெகுதூரம் ஓடிவிடும். அதனால் சோதனையை எப்போதும் வாங்கிய லென்ஸ்களிலேயே மிக வைடானதில் ஆரம்பியுங்கள். 85 மாதிரி எண் கூடிய டெலி லென்ஸில் ஆரம்பித்தால் “எல்லாம் சரி” என்று ஏமாந்துபோவீர்கள்.

1. கையில் எடுத்ததும் பாருங்கள்

ஐரிஸை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுசாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு இது சகஜம், ஆனால் அப்படிப்பட்ட லென்ஸை வாங்கி வராதீர்கள். முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் பெரிதாகப் பாதிக்காது. பின்கண்ணாடிக் கீறல் பாதிக்கும். ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுற்றுங்கள். எங்காவது இறுகினாலும் சரி, லொடலொடத்தாலும் சரி, அங்கேயே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். தூசியை முதலில் புளோயரால் ஊதுங்கள். ஊதாமல் துணியால் தேய்த்தால் தூசியே கண்ணாடியைக் கீறிவிடும்.

2. மாட்டுங்கள்

பிஎல் லென்ஸை மாட்டும்போது லென்ஸைத் திருகக் கூடாது. மவுன்ட்டில் இருக்கும் சின்ன ஊசி லென்ஸின் பள்ளத்தில் விழுமாறு நேராக உட்கார வைத்து, கேமரா பக்கத்து வளையத்தை மட்டும் திருகிப் பூட்டுங்கள். பிறகு லென்ஸை லேசாக ஆட்டிப் பாருங்கள். அடாப்டர் கேமராவில் ஆடினால் மேற்கொண்டு சோதிப்பதில் அர்த்தமில்லை, வேறு அடாப்டர் கேளுங்கள். அப்புறம், கேமராவை ஓடவிட்டு ஒரு அரை மணி நேரம் சூடாக விடுங்கள். நாளைக்கு அந்தச் சூட்டில்தான் படம் எடுக்கப்போகிறீர்கள்.

3. அளந்து பாருங்கள்

மையத்தில் கூடும் கறுப்பு-வெள்ளைக் கதிர்கள் உள்ள ஸ்டார் சார்ட்டை மேட் தாளில் அச்சடித்து, லென்ஸின் உயரத்துக்கே சுவரில் நேராக ஒட்டுங்கள். கேமரா டிரைபாடில் இருக்கட்டும். கேமராவின் உடம்பில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்கும். சென்சார் இருக்கும் இடம் அதுதான், டேப்பை அங்கிருந்து பிடிக்க வேண்டும். லென்ஸின் முன்முனையிலிருந்து பிடிப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு.

சார்ட் 6 அடியில். ஐரிஸ் முழுசாகத் திறந்திருக்க வேண்டும். உதாரணமாக, ஜெய்ஸ் சூப்பர் ஸ்பீட் லென்ஸ் என்றால் டி 1.3 (டி எண் குறையக் குறைய ஐரிஸ் அதிகம் திறந்திருக்கிறது என்று பொருள்). வெளிச்சம் அதிகமானால் ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள், ஐரிஸைத் தொடாதீர்கள். ஐரிஸை மூடினால் ஃபோகஸின் ஆழம் கூடி, பிழையை மறைத்துவிடும்.

ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் பீக்கிங்கை அணைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கும் பட்டனை அழுத்திச் சார்ட்டின் நடுவைப் பாருங்கள். கதிர்கள் கூடும் இடத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு தெரியும். வளையத்தைச் சுற்றச் சுற்ற அது சுருங்கும், ஓரிடத்தில் மிகச் சிறியதாகி, பிறகு மறுபடி பெரிதாகும். மிகச் சிறியதாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வளையத்தில் என்ன எண் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அண்மைப் பக்கத்திலிருந்து ஒரு முறை, இன்ஃபினிட்டி பக்கத்திலிருந்து ஒரு முறை என்று நாலைந்து தடவை செய்யுங்கள், ஒரே தடவையை நம்ப வேண்டாம். பிறகு 3 அடி, 10 அடி. அடுத்த லென்ஸ்.

4. எழுதியதைப் படியுங்கள்

எல்லா லென்ஸும் ஒரே திசையில் தவறி, வைடில் அதிகமாகத் தவறினால் குற்றம் அடாப்டரிலோ கேமரா மவுன்ட்டிலோ இருக்கிறது. ஒரே ஒரு லென்ஸ் மட்டும் தவறினால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

வளையம் டேப்பைவிட அதிக தூரம் காட்டினால் லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி இருக்கிறது என்று பொருள். அடாப்டரில் இருக்கும் ஷிம்மை, அதாவது மெல்லிய உலோக வளையத்தை, குறைக்க வேண்டும். குறைந்த தூரம் காட்டினால் ஷிம் சேர்க்க வேண்டும். நல்ல அடாப்டர்களோடு வெவ்வேறு கனத்தில் ஷிம் வரும். மாற்றுவதை வாடகைக் கடைக்காரரிடமே விடுங்கள். லென்ஸை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே பிரிக்காதீர்கள்.

ஜூம் லென்ஸுக்குச் சோதனை இன்னும் சுலபம். முழு டெலியில் சார்ட்டை ஃபோகஸ் செய்து, வளையத்தைத் தொடாமல் முழு வைடுக்கு வாருங்கள். மங்கினால் இதே கோளாறுதான்.

5. மிச்சம்

மூலைகள் கறுக்கின்றனவா, ஒரே டி எண்ணில் எல்லா லென்ஸும் ஒரே வெளிச்சம் தருகின்றனவா, ஃபோகஸ் மாற்றும்போது சட்டகம் விரிந்து சுருங்குகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இவை இருந்தாலும் படம் எடுக்கலாம், முன்னாடியே தெரிந்தால் போதும்.

மாற்று லென்ஸும் இல்லை, ஷிம்மும் இல்லை, விடிந்தால் படப்பிடிப்பு என்றால் ஒரு வழி இருக்கிறது. ஃபோகஸ் வளையத்தைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, 3, 4, 6, 8, 10, 15 அடியில் சார்ட்டை வைத்துக் கண்ணால் ஃபோகஸ் செய்து, நீங்களே கோடு போட்டு எண் எழுதுங்கள். படப்பிடிப்பில் லென்ஸில் பொறித்த எண்ணைப் பார்க்காமல் இந்த டேப்பை மட்டும் பார்க்கச் சொல்லி ஃபோகஸ் பிடிக்கும் ஃபோகஸ் புல்லரிடம் கொடுங்கள். இந்தக் கோடுகள் அந்தக் கேமரா, அந்த அடாப்டர், அந்த லென்ஸ் மூன்றும் சேர்ந்தால்தான் செல்லும். நடுவில் யாராவது அடாப்டரை மாற்றினால், டேப்பைக் கிழித்துவிட்டு 18 மி.மீ. லென்ஸிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.