பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: குறைந்த செலவில் கேமிங் கணினி வாங்குவோர் விடும் தவறுகள்

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வெளிவருவதற்கு இடைப்பட்ட மாதங்களில், யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் கேமிங் கணினி பற்றிய பேச்சுத் தொடங்கிவிடும். பிள்ளை ஒரு துண்டுக் காகிதத்தில் 'ஐ7, 16 ஜிபி றாம், 4 ஜிபி கிராபிக்ஸ், 500 வாட் பவர் சப்ளை' என்று எழுதிக் கொண்டுவர, பெற்றோர் அதன் அடியில் உள்ள கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துப் பேரம் பேசுவர். அந்தத் துண்டில் உள்ள நான்கும் சொல்லுக்குச் சொல் உண்மையாக இருந்தும், அந்தக் கணினியில் ஒரு புதிய விளையாட்டுக்கூட ஒழுங்காக ஓடாமல் போகலாம். உறவினருக்கும் அயலவருக்குமாகக் கணினி பொருத்திக் கொடுத்து வருவதில் நான் கண்ட தவறுகளுள் பெரும்பாலானவை, பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்ததை நம்பிச் சிறிய எழுத்தை வாசிக்காமல் விட்டதால் நேர்ந்தவையே.

முதலில் புரொசசர். 'ஐ7' என்பது ஒரு வகுப்பின் பெயரே தவிர, வேகத்தின் அளவு அன்று. அந்தப் பெயர் 2008 முதல் வழக்கில் உள்ளது. எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணாகும். இரண்டாம் தலைமுறையான கோர் ஐ7-2600 வெளிவந்தது 2011 இல்; பன்னிரண்டாம் தலைமுறையான கோர் ஐ3-12100 வெளிவந்தது 2022 இல். இரண்டிலும் நான்கு கோர்களும் (கணக்கிடும் அலகுகள்) எட்டுத் திரெட்களும் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை வரிசைகள்) உண்டு என்றாலும், ஒரு கோர் தனித்துச் செய்யும் வேலையில் பின்னையது ஏறத்தாழ இருமடங்கு வேகமானது. விண்டோஸ் 11 க்கான அதிகாரபூர்வ ஆதரவு இன்டெலின் எட்டாம் தலைமுறையில் இருந்தே தொடங்குகிறது. விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவுற்றது. பிள்ளைகள் பெரிதும் விரும்பும் வலரன்ட் என்ற விளையாட்டு, விண்டோஸ் 11 இல் டிபிஎம் 2.0, செக்கியுர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கினால்தான் திறக்கும் என்பதையும் சேர்த்து எண்ணினால், பழைய ஐ7 மலிவாகக் கிடைப்பதன் காரணம் விளங்கும்.

அலுவலகங்களில் கழிக்கப்பட்டு இறக்குமதியாகும் பழைய கணினிகள் படிப்புக்கு நல்லவை. நானும் பலருக்கு அவற்றையே சிபாரிசு செய்கிறேன். ஆனால் அவற்றுட் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பு பொதுவான 24 பின் வகையைச் சேர்ந்தது அன்று. எனவே பெரிய கிராபிக்ஸ் காட் வாங்கிய பிறகு பவர் சப்ளையை மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் கைகூடாது. அத்தகைய கணினிக்கு, மதர்போட்டில் காட்டைச் செருகும் ஸ்லொட் தரும் 75 வாட்டுக்குள் இயங்கும் காட்டையே தேட வேண்டும். தனி மின் இணைப்பு இல்லாமல் வரும் ஜிடிஎக்ஸ் 1650 வகைகளும், 70 வாட்டில் இயங்கும் ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகையும் அப்படிப்பட்டவை.

பணம் அதிகம் வீணாவது கிராபிக்ஸ் காட்டில்தான். ஜிடி 730 காட்டிலும் '4 ஜிபி' என்று எழுதியிருக்கும், ஜிடிஎக்ஸ் 1650 காட்டிலும் '4 ஜிபி' என்று எழுதியிருக்கும். முன்னையதில் அதிகபட்சம் 384 கோர்கள், பின்னையதில் 896 கோர்கள், அவற்றுக்கிடையே ஐந்து ஆண்டு இடைவெளி. நினைவகத்தின் அளவு என்பது மேசையின் அகலத்தைப் போன்றது. மேசையில் இருந்து வேலை செய்பவரின் கைவேகத்தை அது சொல்லாது. ஒரே பெயரில் இருவேறு சரக்கு வருவதும் உண்டு. ஜிடி 1030 இன் ஜிடிடிஆர்5 நினைவக வகை செக்கனுக்கு 48 ஜிபி தரவைக் கடத்த, டிடிஆர்4 வகை 16.8 ஜிபியை மட்டுமே கடத்துகிறது. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304 ஸ்ட்ரீம் புரொசசர் (ஏஎம்டி காட்களில் கோர்களுக்குரிய பெயர்) உள்ளதும் 2048 உள்ளதும் விற்பனையாகின்றன. மேலே சொன்ன ஆர்டிஎக்ஸ் 3050 இலும் 6 ஜிபி வகை நினைவகத்தால் மட்டுமன்றிக் கோர்களின் எண்ணிக்கையாலும் 8 ஜிபி வகையை விடக் குறைந்ததாகும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி காட் நான்கு பிசிஐஇ தடங்களை (காட்டுக்கும் மதர்போட்டுக்கும் இடையே தரவு செல்லும் வழிகளை) மட்டுமே பாவிப்பதால், மூன்றாம் தலைமுறை பிசிஐஇ உள்ள மதர்போட்டில் அதன் வேகம் மேலும் குறைந்துவிடும்.

கைமாறிய காட்டை வாங்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் என்ற மின்னாணயத்தைக் கிராபிக்ஸ் காட்களால் ஈட்டும் மைனிங் முறை நிறுத்தப்பட்ட பின்னர், இரவு பகலாக மைனிங்கில் ஓடிய காட்கள் உலகெங்கும் பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றுள் நல்லவையும் உள்ளன. பணத்தைக் கொடுக்குமுன் அரை மணி நேரம் ஒரு பாரமான விளையாட்டை ஓடவிட்டு, வெப்பநிலையையும் விசிறியின் சத்தத்தையும் கவனியுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் காட்டைப் பரிசோதியுங்கள். பழைய சிப்புக்குப் புதிய பெயர் எழுதிய போலிக் காட்களிற் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். சோதிக்க விடாதவரிடம் வாங்க வேண்டியதில்லை.

இதனோடு தொடர்புடைய இன்னொரு தவறு, சில ஆயிரம் ரூபாவை மிச்சம் பிடிக்க ஐ3-12100எஃப் போன்ற, தனக்கெனக் கிராபிக்ஸ் இல்லாத புரொசசரை எடுப்பதாகும். கொழும்பில் இருப்பவருக்கு அது புத்திசாலித்தனமான சிக்கனமாக இருக்கலாம். இங்கே காட் பழுதாகி, உத்தரவாதத்துக்காகப் பேருந்தில் கொழும்புக்குப் போய்த் திரும்பும் வரை, எஃப் இல்லாத புரொசசர் உள்ள கணினியில் பாடமாவது படிக்கலாம். எஃப் உள்ளதில் திரை இருண்டே கிடக்கும். ரைசன் 5 5600 இலும் இதே குறை உண்டு. 5600ஜி இல் கிராபிக்ஸ் உண்டு, ஆனால் புரொசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் அதில் பாதியாகும்.

றாம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி வீதம் இரண்டாக வாங்கி, நான்கு ஸ்லொட் உள்ள மதர்போட்டில் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மதர்போட்டின் அடிப்படை மென்பொருளான பயோஸில், றாமை அதற்குரிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் 3200 என்று விற்கப்பட்ட றாம் 2133 அல்லது 2400 இல் ஓடிக்கொண்டிருக்கும்.

பவர் சப்ளை விடயத்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். ஒரு முறை, விளையாட்டுத் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் தானாகவே மீள இயங்கும் கணினி ஒன்றைப் பார்க்கக் கேட்டிருந்தார்கள். புதிதாக வாங்கிய ஆர்எக்ஸ் 6600 பழுது என்று தகப்பன் கடைக்காரருடன் சண்டைக்கு ஆயத்தமாக நின்றார். கேஸுடன் சேர்ந்து வந்த பவர் சப்ளையைக் கழற்றினேன்; கையில் பாரமே தெரியவில்லை. பக்கவாட்டில் '500 வாட்' என்று கட்டைவிரல் உயரத்தில் அச்சிட்டிருந்தது. அதன் கீழிருந்த சிறிய அட்டவணையில் 12 வோல்ட் நிரலில் 16 அம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். காட்டுக்கு 132 வாட், புரொசசருக்கு 65 வாட் என்று கூட்டினாலே 197 ஆகிறது. இரண்டும் அந்த 12 வோல்ட் வழியாகவே மின்னைப் பெறுபவை. காட்டில் ஒரு பிழையும் இருக்கவில்லை. '80 பிளஸ்' என்ற முத்திரையும் மின்னை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே சொல்லும். அதிக மின்னழுத்தத்தில் இருந்து காக்குமா என்பதைச் சொல்லாது.

யுபிஎஸ்ஸிலும் இதே கணக்குத்தான். 650 விஏ என்பது 650 வாட் அன்று. அந்த அளவில் வருபவை பொதுவாக 360 வாட் அளவையே தாங்கும். அதன் வேலை விளையாட்டைத் தொடர விடுவதன்று, சேமித்துவிட்டு அணைக்க அவகாசம் தருவதாகும். கேஸின் உலோகப் பகுதியைத் தொடும்போது விரலில் மெல்லிய உதறல் தெரிந்தால், சுவர்ச் சொக்கற்றில் ஏர்த் வேலை செய்யவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பழைய வீடுகளில் இது அடிக்கடி காணப்படுகிறது. மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பலகைகள் பலவும் ஏர்த்தை நம்பியே இயங்குவதால், காட்டுக்குப் பணம் கொடுக்குமுன் மின்னிணைப்பாளரை ஒருமுறை அழைப்பது மேல். ஐப்பசி இடிமின்னலின்போது பிளக்கைக் கழற்றுபவர்கள்கூட ரவுட்டரில் இருந்து வரும் வயரை மறந்துவிடுகிறார்கள். மின்னல் அவ்வழியாலும் வரும்.

கனடாவில் இருந்து அண்ணா கொண்டுவரும் சாமான் என்பது நம்மூருக்கே உரிய விடயம். பெரும்பாலான உத்தரவாதங்கள் வாங்கிய நாட்டுக்குள்ளேயே செல்லுபடியாகும் என்பதை எண்ணிப் பார்த்து, பழுதாகும் வாய்ப்புக் குறைந்த புரொசசர், றாம் போன்றவற்றை அப்படி எடுப்பித்து, பவர் சப்ளையையும் காட்டையும் இங்கேயே வாங்குவது நல்லது. அங்கிருந்து வரும் பழைய பவர் சப்ளையின் பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் ஆளி இருந்தால், அதை 230 இல் வைக்காமல் நம் சுவரில் செருகினால் வெடிச் சத்தம் கேட்கும்.

மதர்போட்டில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பி450 போன்ற பழைய போட்டுடன் ரைசன் 5000 வரிசையை எடுத்தால், பயோஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று கடையிலேயே இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். கேஸைப் பொறுத்தவரை, முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் அடைத்தது வைகாசி வெக்கைக்கு ஆகாது. வலைத்தகடு உள்ளதையே எடுங்கள். பின்புறத்தில் வெறுமையாக உள்ள ஸ்லொட்டுகளை மூடிவிடுங்கள். சூடு தேடி உள்ளே புகுந்த பல்லி பவர் சப்ளைக்குள் கருகிக் கிடந்ததை நான் இருமுறை கண்டிருக்கிறேன்.

கடைசியாகத் திரை. மானிட்டரின் வயரைக் காட்டில் செருகாமல் பழக்கத்தில் மதர்போட்டில் செருகிவிட்டு, காட் வேலை செய்யவில்லை என்று தொலைபேசி எடுப்பவர்கள் இன்றும் உள்ளனர். அதைச் சரியாகச் செய்தவர்களும், விண்டோஸ் திரையைப் பல வேளைகளில் 60 ஹேர்ட்ஸிலேயே (செக்கனுக்கு 60 முறை படம் மாறும் வேகத்திலேயே) தொடக்கி வைக்கும் என்பதை அறியாமல், அமைப்புகளுக்குள் போய் மாற்றாமல் விடுகிறார்கள். 144 ஹேர்ட்ஸ் மானிட்டரை மூன்று மாதம் 60 இல் பாவித்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். '144' என்ற ஸ்டிக்கர் மட்டும் திரையின் மூலையில் கழற்றப்படாமல் பளிச்சென்று இருந்தது.